ஞானபாய் மைனியின் கிரியாட்டினின்

எங்கள் ஞானபாய் மைனிக்கு ஆரியசாலையில் தவிடும் புண்ணாக்கும் மொத்தமாக விற்கும் கடை. லாரியிலிருந்து மூட்டை இறக்குவது யூனியன்காரர்கள், கடைக்குள் அடுக்குவது மைனி. ஐம்பது தாண்டியும் அவள் மூட்டையைத் தூக்கித் தோளில் போடுவதைப் பார்த்தால் உள்ளே இருப்பது தவிடா பஞ்சா என்று சந்தேகம் வரும். வீட்டுக்காரர் தாசையன் எங்கள் தெருவுக்கே அண்ணன், அதனால்தான் இவள் மைனி; அவர் கல்லாவில் இருப்பார். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆள். கொரோனா தடுப்பூசி போட்டபோது மைனிதான் அவரைத் தாங்கிப் பிடித்தாள்.

ஓணத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் வடம்வலிக்கு, அதாவது கயிறிழுக்கும் போட்டிக்கு இறங்குவோம். கடைசி ஆள் வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு குதிகாலை ஊன்றி நிற்க வேண்டும். அவள் அசைந்தால் கட்சியே போச்சு. அந்த இடம் எப்போதும் மைனிக்கு. அவளுக்கு முன்னால் ஷிஜியாகிய நான். இழுப்பதைவிட நான் கத்துவதுதான் அதிகம்.

மைனிக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குக் கிட்னி சத்தம் போடாமல் கெடும் என்பதால் வருஷம் ஒருமுறை ரத்தம் டெஸ்டுக்குக் கொடுப்பாள். இந்த வருஷம் கிரியாட்டினின் கூடுதல் என்று வந்துவிட்டது. கிட்னி பாதிதான் வேலை செய்கிறது என்பது லேபின் கணக்கு. ஓணமோ நெருங்கிவிட்டது.

தாசையன் அண்ணன் ஆடிப்போனார். அவருடைய சித்தப்பா டயாலிசிஸ் செய்து செய்தே போய்ச் சேர்ந்தவர். அன்றே வீட்டில் உப்பில்லாக் கஞ்சி வந்தது, வடம் கட்டிலுக்கடியில் போனது.

"இனி நீ ஒரு துரும்பும் தூக்கப்பிடாது, கேட்டியா?"

"துரும்ப யாரு தூக்குவா? நான் மூட்டையில்லா தூக்குவேன்!" என்றாள் மைனி. வாய் குறையவில்லை. ஆனால் என்னைத் தனியே கூப்பிட்டு, "பயமா இருக்குட்டி ஷிஜி" என்றாள். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் ஆர்ஷா சின்னப் பெண். காகிதத்தைவிட மைனியின் தோளைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"சேச்சிக்கு என்ன ஜோலி?"

"மூட்டை அடுக்குவேன்."

"டெஸ்டுக்கு முந்தின நாளு என்ன சாப்பிட்டது?"

"கப்பக்கிழங்கும் மாட்டிறைச்சியும். காலத்த எழும்பி வடம் வலிச்சிட்டு நேரா லேபுக்குப் போனேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவாம், கிட்னிதான் அதை வெளியே தள்ளுமாம். தசை அதிகம் என்றால் அதுவும் ஏறும். இறைச்சி தின்றாலும் ஏறும், உடம்பை முறித்து இழுத்தாலும் ஏறும். லேபின் கணக்குக்கு மைனியின் வயசு தெரியும், மூட்டை தெரியாது. தசையை அவ்வளவாகச் சாராமல் கிட்னியின் நிலையைக் காட்டும் சிஸ்டாட்டின் சி என்று ஒன்று ரத்தத்தில் உண்டு, அதைப் பார்ப்போம், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்போம் என்றாள். அதுவரை இறைச்சிக்கும் வடத்துக்கும் லீவு.

ரிசல்ட் அன்று அண்ணனும் வந்தார். ஆனால் உள்ளே வரத் தைரியமில்லாமல் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு சேச்சி. சர்க்கரைய விடாம பாத்துக்கணும், வருஷா வருஷம் டெஸ்டுக்கு வரணும். வடம் வலிக்கலாம்."

நான் போட்ட கூச்சலில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். டாக்டர் கதவைக் காட்டினாள். "முதல்ல அந்தச் சேட்டன்கிட்ட போய்ச் சொல்லுங்க. நேத்து தனியா வந்து, என் கிட்னி ஒண்ணை எடுத்து அவளுக்கு வைங்கன்னு நின்னாரு. ஊசி போடும்போ மட்டும் கண்ணைக் கெட்டிடணுமாம்."

மைனி வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் என்னவோ ஏதோ என்று வெளிறிப்போனார். "ஒரு கொழப்பமும் இல்ல அண்ணே!" என்று நான் கத்திச் சொன்ன பிறகு அவரும் அழுதார். எனக்கு மட்டும் என்ன கல்நெஞ்சா, நானும் அழுதேன்.

கட்டிலுக்கடியில் கிடந்த வடத்தை அண்ணனே எடுத்துக்கொண்டு வந்தார். ஓணப் போட்டியில் எதிர்க்கட்சி குப்புற விழுந்ததுதான் மிச்சம், மைனியின் குதிகால் நகரவில்லை. பரிசு பெரிய ஏத்தன் வாழைக்குலை. "நான் சுமக்கேன்" என்று அண்ணன் அடம்பிடித்துத் தோளில் ஏற்றிக்கொண்டார். நாலு அடி வைப்பதற்குள் தள்ளாடினார்.

மைனி குலையை வாங்கித் தன் தோளில் போட்டாள்.

"இஞ்ச தாங்க. உங்க ரெண்டு கிட்னியும் உங்ககிட்டயே இருக்கட்டு. சுமக்கதுக்கு நான் இருக்கேன்."