சுண்ணாம்புக் கோட்டில் ஒரு சித்திரக்கூடம்

கட்டடப் படம் கீறுகிறவனின் பிழைப்பு, கட்டாத வீட்டுக்குள் குடியிருந்துவிட்டுக் கட்டின வீட்டுக்கு வெளியே நிற்பது. இந்தத் தொழிலில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இருபது வருஷம் களஞ்சியங்களும் கழிவறைகளும் கீறிய பிறகு, எழுபதுகளில் எனக்கு ஒரு சித்திரக்கூடம் வாய்த்தது. கிண்ணியாப் பள்ளிக்கூடத்து மரியம் ரீச்சர் தான் தீட்டிய படங்களை ஊர் வந்து பார்க்க, தன் ஆற்றங்கரைக் காணியில் ஒரு கூடம் கட்ட ஆசைப்பட்டார். இதையாவது கட்டி முடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

யன்னல்

வெயில் பட்டால் சாயம் வெளிறும் என்று ஆற்றுப் பக்கம் முழுவதையும் சுவராகவே கீறிக்கொண்டு போனேன். ரீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தீட்டியதெல்லாம் அந்த ஆறுதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆறு தெரியாட்டி இது வேணாம். என்ட படங்கள் அலுமாரியிலேயே கிடக்கட்டும்."

வாசல்

நீள யன்னலும், வெயில் மறைக்க வெளியே தாழ்வாரமும் வைத்துத் திருப்பிக் கீறினேன். அத்திவாரம் வெட்டுமுன் மேசன் சின்னத்துரை அறைகளையெல்லாம் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டார். பார்க்க வந்த சனம் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, வாசலுக்கு விட்ட இடைவெளியால் மட்டும் உள்ளே போனது. இல்லாத சுவர்களுக்குள் நின்று எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். நானும் யன்னல் கோட்டில் நின்று ஆற்றைப் பார்த்தபடி நேரம் போவது தெரியாமல் இருந்தேன்.

தோணியைக் கரையில் இழுத்துவிட்ட மீன்காரர் ஒருவர் நேரே வந்து என் பக்கம் கோட்டைத் தாண்டினார். மேசன் மறித்தார்: "யன்னலால வாறீங்கள் அண்ணை, வாசல் அங்கால."

வெள்ளம்

நான் கரையை அளந்தது ஆறு வற்றிக் கிடந்த ஆடி மாதத்தில். சீமெந்துக்குக் காத்திருக்கையில் மாரி மழை பிடித்தது. ஆறு ஏறி வந்து கோடுகளைக் கரைத்துவிட்டது. கூடத்தைத் தெருப் பக்கம் தள்ளினால் ஆறு தெரியாது, ஆறு தெரியாவிட்டால் ரீச்சருக்குக் கூடமே வேண்டாம். வெட்கமும் துக்கமுமாகப் போய் என் பிழையைச் சொன்னேன்.

அவர் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். வாசல் இருந்த இடத்தால்தான் உள்ளே போனார். யன்னல் இருந்த இடத்தில் கனநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்: "இடத்த மாத்தாதீங்க. ஆறு கீழால போகட்டும், நாம தூண் வெச்சு மேல இருப்பம்."

கூடம் இப்போது தூண்களில் நிற்கிறது. மாரியில் கீழே ஓடும் தண்ணீரின் வெளிச்சம் யன்னலால் ஏறி வந்து முகட்டில் ஆடுகிறது, அதை வாசலால் வரச்சொல்ல மேசனுக்கும் ஏலவில்லை.