இடப்பக்கத்துக் கால்மிதி தேய்ந்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவுவது எங்கள் வீட்டில் என்னுடைய வேலை. கணவர் கழுவினால் சவர்க்கார நுரை கூரையில் அப்படியே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். அதைப் பார்த்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதனால் வாளியும் துணியும் என் கைக்கு வந்து பல வருடமாகிறது.

ஒரு ஞாயிறு உள்ளேயிருந்த கால்மிதிகளை வெளியே எடுத்து உதறினேன். நான் ஓட்டுகிற பக்கத்துக் கால்மிதி தேய்ந்திருந்தது. அது நியாயம், அங்கே என் கால் ஓயாமல் வேலை செய்கிறது. ஆனால் இடப்பக்கத்துக் கால்மிதியும் தேய்ந்திருந்தது. அதுவும் மேல் ஓரத்தில், வலது கால் படுகிற இடத்தில் மட்டும், ஒரு ரூபாய் நாணயக் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக. அந்தப் பக்கம் மிதிப்பதற்கு ஒன்றுமே இல்லையே! எலி கொறித்திருக்குமோ என்று இருக்கைக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். எலி இல்லை. இஞ்சி டொபித் தாள்கள் நாலைந்து கிடந்தன.

டொபித் தாள்கள் யாருடையவை என்று தெரியும். என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியையுடையவை. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது கண்டியில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கிறாள். கணவனுக்குக் கொழும்பில் வேலை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் ஊன்றிவிட்டவள். இருவரும் படிப்பிப்பது மேலே மலையில், மடுல்கெல்லப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில். ஒரு வருடமாக என் காரில்தான் வந்துபோகிறாள்; அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். பஸ்ஸில் அந்தக் குலுக்கலில் போகக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகப்பேற்று விடுமுறை வரும்வரை என் கார்தான் அவளுக்குக் கதி.

கால்மிதி மர்மத்தை நான் அதோடு விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய மர்மம் ஒன்று இரண்டு மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. மாலையில் கண்டிக்குத் திரும்புகையில், பன்விலையைத் தாண்டி மலையிறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கைக்குள்ளே கிடுகிடுவென்று நடுங்கும். காலை எடுத்தால் அடங்கிவிடும்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை என்றால் தூக்கம் வராது. ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன்: ஏற்றத்தில் இல்லை, சமதரையில் கொஞ்சம், இறக்கத்தில் மோசம், மழை நாளிலும் உண்டு. கணவர், "அது ரோட்டின்ர பிழை" என்றார். டயர் கடைக்காரர் சக்கரத்தைச் சமன் பார்த்தார். எங்கள் பள்ளிக்கூட அலுவலக உத்தியோகத்தர் கண்ணூறு என்றார். விஞ்ஞான ஆசிரியையான நானும் முன்னால் ஒரு தேசிக்காயும் மூன்று மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்விலைக்குக் கீழே ஒரு வளைவில் பீலி இருக்கிறது. பாறையிலிருந்து வரும் தண்ணீரை ஒரு குழாய் வைத்துத் திருப்பியிருப்பார்கள். இறங்கி வருகிற லொறி, ஓட்டோ எல்லாம் அங்கே நிற்கும். சாரதிகள் போத்தலில் தண்ணீர் பிடித்துச் சூடான சக்கரங்களுக்கு ஊற்றுவார்கள். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் இந்த ரோட்டில் பலர் இரண்டு பழக்கம் பழகினோம். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பெற்றோலை மிச்சம் பிடிப்பது ஒன்று. அதனால் சூடேறுகிற பிரேக்குக்குப் பீலியில் குளிப்பாட்டுவது மற்றது. வரிசை போன பிறகும் பழக்கம் போகவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஆசை. தண்ணீர் பட்டதும் 'சுர்' என்று சத்தம் வரும், ஆவி எழும்பும், சக்கரத்தில் படிந்த கறுப்புத் தூளும் கழுவப்பட்டுப் போகும். அவள்தான் போத்தலில் பிடித்துப் பிடித்துத் தருவாள். காரை இவ்வளவு பக்குவமாகப் பார்ப்பவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யார் என்ற பெருமையோடு நான் ஊற்றுவேன்.

ஒரு வியாழக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவைத் திரும்பினால், முன்னால் போன பாடசாலை வான் பிள்ளை இறக்க நின்றுவிட்டது. முழுக் காலையும் கொடுத்து மிதித்தேன். ஸ்டியரிங் கையை உதறியது. கார் நிற்பேனா என்றது. வானின் பின்பக்கத்துக்கு ஒரு சாண் இருக்கையில் நின்றது. பக்கத்தில் அவளுடைய ஒரு கை வயிற்றில் இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "டீச்சர், திங்கக்கெழமையிலருந்து நான் பஸ்ல போறேன். நாளைக்கு லீவு போட்டுக்கிறேன். ஒங்களுக்கு எதுக்கு செரமம்?"

"என்ன கதை கதைக்கிறீர்? இந்த வயித்தோட பஸ்ஸில போகப் போறீரோ?"

"மெதுவா போற பஸ்ஸா பாத்து போறேன் டீச்சர்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் மேல் வந்ததாகத்தான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் கோபம் என் மேலேயே என்று தெரிந்தது. டொக்டர் வேண்டாம் என்ற பஸ்ஸைவிட என் கார் பயம் என்று ஒரு கர்ப்பிணிப் பெண் முடிவெடுத்திருக்கிறாள். அது நெஞ்சில் தைத்தது.

சனிக்கிழமை காரை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு கெலிஓயாவில் ஒரு கராஜுக்குப் போனேன். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். நான் கொப்பியை நீட்டினேன். அவர் முழுவதையும் வாசித்துவிட்டு முன் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பிடிக்கிற அந்த இரும்புத் தட்டு, டிஸ்க், அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. முள்ளு வைத்த ஒரு மானியைப் பொருத்தித் தட்டைச் சுற்றினார். முள்ளு அங்கும் இங்கும் ஆடியது.

"தட்டு நெளிஞ்சி ஈக்கி டீச்சர். அந்த நெளிவுதான் ஒங்கட கைக்கு வார. வாகனத்த எங்க கழுவுற?"

"வீட்டிலதான்."

"வழியில எங்கயும் தண்ணி ஊத்துறல்லயா?"

நான் பீலிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "என்ட வாப்பாவும் லொறிக்கு இப்படித்தான் ஊத்துவாரு. கொதிக்கிற இரும்புக்கு மலைத்தண்ணி ஊத்தினா அது என்ன செய்யும்? கோணிப் போகும். சில நேரம் வெடிக்கவும் செய்யும். டீச்சர் என்ன பாடம் படிச்சிக் குடுக்குற?"

"விஞ்ஞானம்."

அவர் நல்ல மனிதர். குனிந்து அடுத்த சக்கரத்தைக் கழற்றப் போனார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. ஒவ்வொரு வருடமும் உலோகக் குண்டைச் சூடாக்கி, அது வளையத்துக்குள் போகாமல் நிற்பதைக் காட்டுகிறவள் நான். சூடான கண்ணாடிக் குவளையில் குளிர் நீர் ஊற்றாதீர்கள் என்று பிள்ளைகளை வெருட்டுகிறவளும் நான்தான்.

ஆனாலும் வெட்கத்தைவிட ஆவல் பெரிது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பின்னேரம் வரை கேள்வி கேட்டேன். நியூட்ரல்தான் முதல் பிழை என்றார். ஏறப் போடுகிற கியரிலேயே இறங்க வேண்டுமாம். என்ஜின் காரைப் பிடித்துக்கொள்ளுமாம். பிரேக்கில் காலை ஊன்றி வைத்துக்கொண்டே வராமல், வேகம் குறையும் அளவுக்கு மிதித்து விட்டுவிட வேண்டுமாம். எரிகிற மணம் வந்தால் ஓரமாக நிறுத்திக் காற்றில் ஆறவிட வேண்டும், தண்ணீர் காட்டவே கூடாது. வீட்டில் கழுவினாலும் சக்கரம் ஆறிய பிறகுதான். கழுவி வெளியே எடுத்ததும் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தரம் பிரேக்கைத் தொட்டு ஈரத்தை உலர்த்த வேண்டும். டயர் மினுங்கப் பூசுகிற எண்ணெய் தட்டில் ஒரு சொட்டும் படக் கூடாது. பிரேக் ஒயிலும் நாளாவட்டத்தில் ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும் என்று அதையும் மாற்றினார். புதுத் தட்டு இரண்டு பக்கமும் போட்டார். தேசிக்காயை நானே அறுத்து எறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கார் திருத்தியாயிற்று என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. "பிழை காரில இல்லை பிள்ளை, என்னில. உம்மையும் வைச்சுக்கொண்டு நானே ஒவ்வொரு நாளும் பிரேக்கைக் கெடுத்திருக்கிறன்" என்றேன்.

"நானுந்தானே டீச்சர் தண்ணி புடிச்சி குடுத்தேன்," என்றாள். பிறகு, "ஒரு நாளைக்கு வர்றேன். பாப்போம்."

திங்கட்கிழமை பின்னேரம் பன்விலையிலிருந்து இரண்டாம் கியரில் இறங்கினேன். என்ஜின் உறுமிக்கொண்டு காரைப் பிடித்தது. பின்னால் வந்த ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்தின. பீலியில் நிற்காமல் வந்தேன். வெப்பம், விரிவு, சுருக்கம் என்று நான் பாட்டுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அவளுக்கு விளங்கிற்றா என்று திரும்பிப் பார்த்தேன்.

நித்திரை. தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு வருடமாக என்னோடு வருகிறவள் ஒரு நாள்கூடக் கண் மூடியதில்லை. கேட்டால், "எனக்கு வாகனத்துல தூக்கம் வராது டீச்சர்" என்பாள். மலையைப் பார்க்க ஆசையாக்கும் என்று நினைத்திருந்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்ட அவளுடைய வலது கால் கால்மிதியில் சாய்ந்து கிடந்தது. அதற்குச் சற்று மேலே அந்தத் தேய்ந்த வட்டம் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வளைவிலும் என்னோடு சேர்ந்து அவளும் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறாள், பிரேக்கே இல்லாத இடத்தில்.

மலையிறங்கி வத்துகாமம் வரும்வரை நான் ஹோர்ன் அடிக்கவில்லை.