அறுநூறு ஆண்டுக்கு முந்திய சம்பந்தி

சென்ற சனிக்கிழமை, நியூசிலாந்தில் ஓக்லாந்து நகரின் எப்சம் பகுதியில் ஒரு திருமணம். மணமகன் ரஞ்சன். தேவாலயத்தில் மணி ஒலித்த வேளையில், அவனுடைய தகப்பனார் எங்கள் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

அந்தத் தகப்பனார், ஞானசேகரம், என் நெடுநாள் நண்பர். யாழ்ப்பாணத்தில் பொறியியலாளர், இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் வேலை. மனைவியை இழந்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயத் திருவிருந்தில் எல்லோரோடும் ஒரே கிண்ணத்தில் அருந்துபவர். ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால்... அது வேறு விஷயமல்லவா?

கேட் என்ற பெண்ணை மணக்கப்போவதாக மகன் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

"வெள்ளைக்காரப் பிள்ளையெண்டாலும் பரவாயில்லை ஐசே. ஆனா ஆரின்ர ஆக்களெண்டு விசாரிக்க வேணும்."

ஊரில் விசாரிப்பது எளிது. பெண்ணின் ஊர்த் தேநீர்க்கடையில் அரைமணி நேரம் அமர்ந்தால் போதும். ஓக்லாந்தில் எந்த மூலைக்கடை டெயரியில் போய் நிற்பது?

அந்தச் சிரமம் நேரவில்லை. கேட்டின் தாயார் ஹெலன், ஓய்வு நாள்களையெல்லாம் நூலகத்து மைக்ரோஃபிலிம் கருவியின் முன்னே கழிப்பவர். இங்கிலாந்தில் தம் முன்னோர் யார், எந்த நிலையில் இருந்தார்கள் என்று தேடுவதே அவருடைய பொழுது. "உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நண்பர் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த வீட்டில் எவரும் கேளாத கேள்வி! வம்சவரைபடத்தைச் சாப்பாட்டு மேசை முழுவதும் விரித்தார். துணைக்குப் போயிருந்த நான், ஒரு முனை சுருண்டுவிடாதபடி பிடித்துக்கொண்டேன்.

கீழே கப்பல் தச்சர். மேலே சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர்; தேவாலய நிர்வாகி. உச்சியில் வில்லியம் என்றொருவர்.

"எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்" என்றார் ஹெலன். "சுதந்திரமில்லாத மனிதர். நிலத்தோடு கட்டுண்டவர். பிரபுவின் வயலில் உழைத்தாக வேண்டும். மகளைப் பிரபுவின் அனுமதி கேளாமல் கட்டிக்கொடுத்து, தண்டம் செலுத்தியிருக்கிறார். அந்தத் தண்டக் கணக்கில்தான் இவர் பெயரே எனக்குக் கிடைத்தது!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நண்பர் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில், மோட்டார்வேயில் ஏறியபின் வாய் திறந்தார்.

"அடிமைக் குடி ஐசே. அந்த மனிசிக்கு ஒளிக்கவும் தெரியேல்லை."

"ஞானம், அது அறுநூறு வருசத்துக்கு முந்தின கதை. பிறகு வந்தவை சொந்தக் காணியோட, சேர்ச் வார்டனாயும் இருந்திருக்கினமே?"

"பிறகு வந்த காணி கதையை மாத்துமோ? நாளைக்கு ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறது?"

"இஞ்ச ஆர் கேக்கப் போயினம்?"

வீடு சேர்ந்ததும் நண்பர் மகனிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். "சிக்ஸ் ஹன்ட்ரட் இயர்ஸ், அப்பா! ஹி இஸ் டெட்!" என்று கத்தினானாம் ரஞ்சன். அதன்பின் தகப்பனும் மகனும் பேசவில்லை.

ஒரே வரைபடம், பார்த்த கண்கள்தான் வேறு. தம் குடும்பம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று அளக்க ஹெலனுக்கு வில்லியம் உதவினார். நாமோ, ஒருவரை எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம் என்று அளக்கவே அவருடைய முன்னோரைத் தேடுகிறோம். கடல் கடந்து வரும்போது எத்தனையோ பொருள்களை விட்டுவிட்டு வந்தோம்... இந்த அளவுகோலை மட்டும் யார் பெட்டியில் வைத்தது?

ஹெலனுக்கு இன்றுவரை காரணம் தெரியாது. சம்பந்திக்கு லீவு கிடைக்கவில்லை என்று நம்பியிருக்கிறார்.

சனிக்கிழமை நண்பரைத் தனியே விட மனமில்லாமல் நான் வீட்டில் தங்கினேன். மனைவி திருமணத்துக்குப் போனாள். அவள் திரும்பி வந்தபோது நண்பரின் கோப்பை ஆறி ஆடை படிந்திருந்தது.

"பொம்பிளை பக்கம் கனபேரோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. நிறையச் சனம்."

"மாப்பிளை பக்கம்..." கோப்பையைத் தள்ளிவைத்தார். "சேர்ச்சில முன்வாங்கில, தாய் தேப்பன் இருக்கிற இடத்தில ஆர் இருந்தது?"

மனைவி கைப்பையை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"நானொருத்திதான் அண்ணை."

அதற்குமேல் அவர் எதையும் விசாரிக்கவில்லை.