பூச்சு காயும் வரை

நானும் என் மனைவியும் ஆம்பூரில் ஒரே தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவள் ஷூ தைக்கும் பிரிவு. நான் தோலுக்கு நிறமும் பூச்சும் கொடுக்கும் ஃபினிஷிங் பிரிவு. நரம்புக் கோளாறில் அவள் கால்கள் மெல்ல மெல்ல ஓய்ந்துபோக, இருவரும் வேலையை விட்டுவிட்டுச் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டோடு இருந்தோம்.

வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலியை இறக்க வேண்டுமானால் இரண்டு பேர் தூக்க வேண்டும். யாரையும் கூப்பிட அவள் விடமாட்டாள். ஜன்னல் வழியாகத்தான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரியைக் கூப்பிட்டுப் படிகளின் மேலேயே, வாசலுக்குச் சமமாக, வேங்கைப் பலகையில் ஒரு தளம் போடச் சொன்னேன். ஓரத்தில் நாற்காலி இறங்கச் சரிவு.

வேலை முடிந்ததும் ஆசாரி சொன்னார்: "மழைக்கு முன்ன பூச்சு அடிச்சுடுங்க சார். இல்லன்னா பலகை கறுத்துப்பூடும்."

அதை நானே செய்தேன். இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தூசியைத் துணியால் துடைத்து, மரநிறச் சாயத்தை இழையின் போக்கில் பூசினேன். அதற்கு மேல் மழை தாங்கும் வார்னிஷ் இரண்டு கை. அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, "அந்த மூலையில ஜாஸ்தி ஆயிடுச்சு பாருங்க, துணியில ஒத்தி எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரலில் பழைய அதட்டல் கேட்டது.

வியாழக்கிழமை மதியம் கடைசிப் பூச்சு முடிந்தது. வெள்ளி சாயங்காலம் அவள் கேட்டாள்.

"காஞ்சிடுச்சாங்க? கொஞ்ச நேரம் வெளிய போலாமா?"

"இன்னும் ரெண்டு நாள் போவட்டும்மா. சக்கரம் பதிஞ்சிடும்."

"பதிஞ்சா பதியட்டுமே."

"இவ்ளோ கஷ்டப்பட்டு அடிச்சிருக்கேன். ரெண்டு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

மேலே காய்ந்தாற்போல் இருக்கும் பூச்சில் பாரம் பட்டால் தடம் விழும் என்பது தோலில் நான் கற்றது. அந்த நினைப்பில் விரலால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை காபியோடு போய் எழுப்பினேன். எழவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தாள்.

அணைக்கட்டு ஊரிலிருந்து அவள் தம்பி, மற்றவர்களைப் போலக் குறுகலான பின்வாசல் வழியாக வந்தான். மதியம் எடுக்கிற நேரத்தில் கதவருகே நின்று தயங்கினான்.

"மாமா, புதுசா அடிச்சிருக்கீங்களே. இது மேல மிதிக்கலாமா?"

"மிதிங்கடா," என்றேன். "எல்லாரும் மிதிங்க."

கட்டிவைத்த தளத்தின் மேல் அவள் ஒரே ஒரு முறைதான் போனாள், அதுவும் நாலு பேர் தோளில்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது தளம் முழுக்கப் பூவிதழ்கள். விளக்குமாறு எடுத்துக் கூட்டினேன். ஒரு இதழ்கூட ஒட்டியிருக்கவில்லை. குனிந்து, வெயில் சாய்ந்து விழும் பக்கமாகப் பார்த்தேன். அத்தனை பேர் நடந்தும் ஒரு தடம் இல்லை. கையை வைத்து அழுத்தினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமையே காய்ந்திருக்கும். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்குமாறு கையிலேயே இருந்தது.

பல மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன் மறுபடி பூச்சு அடிக்க வேண்டியிருந்தது. உதவிக்கு வந்த மச்சானிடம், தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

"அக்காவுக்கு உங்க மேல கோவமே இருந்திருக்காது மாமா."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆனால் நான் தாங்க முடியாமல் தவிப்பது அதற்காகத்தான். அன்று அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேன்.