வெள்ளிக்கிழமைகளில் நின்ற ஃபேன்

சிங்காரம் அண்ணன் போய்விட்டார்.

காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன்... தலை நிறைய முடியோடு, ஏதோ பழைய கல்யாணப் போட்டோ.

திருமயத்தில் மெயின் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருந்தவர். மாரடைப்பாம். அறுபதுகூட ஆகவில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அம்மாவுக்குத் தொண்டையில் கேன்சர் வந்த வருஷம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் திருச்சிக்கு ரேடியேஷன். என்னிடம் இருந்ததோ ஒரு கிழட்டு டீசல் கார். அதில் புளோயர் ஃபேன் திடீர் திடீரென்று நின்றுவிடும். ஹீட்டருக்கும் ஏசிக்கும் அந்த ஒரே ஃபேன்தான். நம்ம ஊரில் ஹீட்டர் போட்டவன் எவன், ஆனால் ஏசி இல்லாமல் முடியுமா?

கண்ணாடியை இறக்கினால் தூசி. அம்மா இருமி இருமி அரை உயிராகிவிடுவார். ஏற்றினால் உள்ளே வேக்காடு.

அண்ணன் கடைக்குக் கொண்டுபோனால் அந்தச் சனியன் ஜம்மென்று ஓடும்! முதல் தடவை ஸ்விட்சை மாற்றினார். இரண்டாம் தடவை மோட்டாரையே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். அப்படியும் நின்றது.

"சார், இது விட்டுவிட்டு வர்ற கோளாறு. நம்மளப் பாத்தா ஒளிஞ்சுக்கும். எந்தெந்தக் கெழமை நிக்கிதுன்னு ஒரு சீட்டுல குறிச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

கிழமையா? இவர் எலக்ட்ரீஷியனா ஜோசியரா என்று எனக்கு எரிச்சல். குறிக்கவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. நமணசமுத்திரம் தாண்டியதும் ஃபேன் நின்றது. பின் சீட்டில் அம்மா வாந்தி எடுத்து, கண் சொருகிச் சாய்ந்துவிட்டார். புளிய மரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒன்னையச் சும்மா விட மாட்டேன்டா" என்று கத்தினேன்.

டா போட்டேன்... இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அவர் இடத்தைக் கேட்டுக்கொண்டு போனை வைத்தார். கால் மணி நேரத்தில் டூவீலரில் வந்து நின்றார். "இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்ல" என்று மட்டும் கேட்டுவிட்டு நேராக பானெட்டைத் தூக்கினார்.

ஃப்யூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து, ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற புளோயர் ரிலேயைப் பிடுங்கி என் கையில் வைத்தார். அதன் செம்புக் கால்கள் எல்லாம் பச்சைக் களிம்பு. மேலே ஈரச் சந்தனம், குங்குமம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோய் வந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அம்மா வண்டிக்குப் பூஜை போடுவார். மற்றவர்கள் மாதிரி ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு என்று நிற்க மாட்டார். பானெட்டைத் திறக்கச் சொல்லி பேட்டரி, ரேடியேட்டர், ஃப்யூஸ் பாக்ஸ் மூடியைக் கழற்றி உள்ளேயும்... போன வாரத்துச் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுசாக வைப்பார். அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஃபேன் வெள்ளிக்கிழமை நிற்கும். இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் ஓடும். பானெட்டைத் திறந்துவிட்டது நான்தான். பேட்டரி மேலிருந்த பொட்டைப் பார்த்துத்தான் அவர் கிழமை கேட்டிருக்கிறார்.

"என்னய்யா ஆச்சு?" என்று உள்ளேயிருந்து அம்மா ஈனசுரத்தில் கேட்டார்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "என் தப்புதான் ஆத்தா. போன தடவ சரியா மாட்டாம விட்டுட்டேன்" என்றார்.

உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, மாட்டினார். ஃபேன் ஓடியது. கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அவுகளுக்குத் தெரிய வேணாம் சார். தன்னாலதான் இந்தப் பாடுன்னு நெனச்சு ஒடிஞ்சு போயிருவாக. பானெட் லாக் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிருங்க" என்றார்.

அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு அந்த ஃபேன் நிற்கவே இல்லை.

அம்மா தேறிவிட்டார். தேறியதும் போன இடமெல்லாம் அவருக்கு ஒரே பேச்சு. "அந்தச் சிங்காரத்துக்கிட்ட மட்டும் வண்டிய விட்றாதீக. ஒரு ஃபேனைச் சரிபண்ணத் தெரியல, என்னையக் கொல்லப் பாத்தான்." கல்யாண வீட்டில், கோயிலில், போனில். சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அவர் கடைக்குப் போவதையே நிறுத்தினார்கள்.

மனசு கேட்காமல் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "வையட்டும் சார். வையிறதுக்குத் தொண்டை வந்துருச்சுல்ல, அது போதும்" என்றார்.

அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். யார் வந்து கேட்கப் போகிறார்கள்...

இன்று சாயங்காலம் ஒரு மாலை வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "தங்கமான மனுசன். தொழில்தான் கொஞ்சம் அரைகொறை."

அது எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய பேச்சு. அண்ணனின் மனைவி பத்தடி தூரத்தில் இருந்தார். நான் அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. டீ கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். திருமயம், புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் தயவுசெய்து படியுங்கள். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. தப்பு எங்களுடையது.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். அந்தப் பந்தலில் எழுந்து நின்று, உங்கள் வீட்டு அக்கா காதில் விழுகிற மாதிரி, வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன் அண்ணே.

போயிட்டு வாங்க.