மொர்ஜினா ஆபா சொல்லாமல் விட்டது

டாங்காயில் பக்கம் பாலுசோரா கிராமத்தில் மொர்ஜினா ஆபாவைத் தெரியாத தாய்மார் கிடையாது. அக்காவை எங்கள் பக்கம் ஆபா என்போம். பல்கலைக்கழகத்தின் கள ஊழியர். ஒன்பது வருடம் நான் ஓட்டிய வேனில்தான் வந்துபோனார். திங்கள் முதல் புதன்வரை குழந்தை வளர்ச்சித் துறைக்கு வேலை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கட்டை அடுக்கச் சொல்வார், படம் காட்டிப் பெயர் கேட்பார், குறித்துக்கொள்வார். வியாழனும் சனியும் மண்ணியல் துறைக்கு. அதே வீடுகளின் முற்றத்தில் மண் அள்ளிப் பையில் கட்டி எண் எழுதுவார். இரண்டு துறைக் கட்டடங்களுக்கும் நடுவே ஒரு குளம்தான். ஆனாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை.

மூங்கில் தோப்பை ஒட்டி ஒரு பட்டறை இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவார்கள். சுற்றியிருந்த பதினோரு வீடுகளில் புல் கருகிக் கிடக்கும், வாத்துகள் காரணமில்லாமல் சாகும். அந்த வீடுகளின் பிள்ளைகள்தான் கட்டை அடுக்கத் திணறுகிறார்கள் என்பதை ஆபா அந்த ஆய்வு தொடங்கிய இரண்டாம் மாதமே கவனித்துவிட்டார். ஹாலிமாவின் மகள் ரிமுவுக்கு அப்போது நாலு வயது. மூன்றாவது கட்டையோடு எழுந்து ஓடிவிடுவாள்.

"அப்படியே அவங்கப்பா. ஒரு இடத்துல உக்கார மாட்டா" என்று ஹாலிமா சிரிப்பாள்.

ஆபா மேற்பார்வையாளரிடம் பேசிப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், தோப்போரத்துப் பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரி பின்தங்குதுங்க. மண்ணுல ஏதோ இருக்கு போல."

"மண்ணு அவங்க வேலை ஆபா. நமக்குப் பிள்ளைங்கதான். நீங்க நம்பரைச் சரியா எழுதுங்க, போதும்."

மண்ணியல் துறையில் கேட்டபோது அங்கிருந்த ஆய்வாளர் சிரித்தார். "பிள்ளைங்க புத்தியை எங்க படிவத்துல எந்த இடத்துல எழுதறது? அதுக்குக் கட்டமே இல்லையே ஆபா!"

அதோடு ஆபா நிறுத்திக்கொண்டார். அந்த மாதம் அவருடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. இன்னொரு காரணத்தை வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அவர் கணவர் பேட்டரி ஆட்டோ ஓட்டினார். தேய்ந்த பேட்டரிகளை அந்தப் பட்டறையில்தான் போட்டுவந்தார்.

இரண்டரை வருடம் ஓடியது. பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனைக்காக வந்த டாக்டர் நஸ்ரீன், ஒருநாள் கேன்டீனில் இரண்டு துறைப் பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மண்ணில் ஈயம் மிகுந்த வீடுகளின் எண்களும் பிள்ளைகள் பின்தங்கிய வீடுகளின் எண்களும் ஒத்துப்போயின. பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நான்கு துறைகள் ஒரே மேசைக்கு வந்தன. பட்டறை மூடப்பட்டது. பொறியியல் துறை முற்றங்களைச் சுரண்டிப் புது மண் கொட்டியது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். ரிமுவின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது. ஆனால் மூளை இழந்ததை மருந்தால் மீட்க முடியாது என்று டாக்டர் ஹாலிமாவிடம் சொல்லிவிட்டார்.

ஆய்வு முடிந்து விழா வைத்தார்கள். மேடையில் ஆபாவின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை, ஹாலிமா வீட்டுக்கு வேனை விடச் சொன்னார்.

ஹாலிமா மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஆபா உட்காராமலே சொன்னார்: "எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு ஹாலிமா. ரிமுவுக்கு நாலு வயசுலயே. சார்கிட்ட சொன்னேன், மண்ணுக்காரங்ககிட்டயும் சொன்னேன். யாரும் கேக்கல."

ஹாலிமா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்க. எங்கிட்ட ஏன் சொல்லல ஆபா? பிள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா ஊருக்குப் போயிருப்பேனே. படிக்காதவளுக்கு என்ன புரியும்னு விட்டுட்டீங்களா?"

ஆபா வந்து வேனில் ஏறிக்கொண்டார். திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "அவகிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல தம்பி. ஒரு தடவைகூடத் தோணல."

ரிமுவுக்கு இப்போது ஒன்பது வயது. இன்னும் முதல் வகுப்பில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் ஆபா போய் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். ஹாலிமா பாயை விரித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். போன வாரம் ரிமு தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினாள். ஹாலிமா வெளியே வந்து அந்தத் தாளைப் பார்த்தாள். மகளின் தலையைத் தடவினாள். ஆபா பக்கம் திரும்பாமல் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.