என் தலை, என் இஷ்டம்

என் வீட்டுக்காரர் சட்டம் படித்ததில்லை. ஆனாலும் குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் வக்கீல். வீடு வீடாகச் சைக்கிளில் போய், வாசலில் இருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, டார்ச் அடித்துத் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. குனிந்து குறிக்க ஒரு நிமிஷம். நிமிர்ந்து அந்த வீட்டுக்காரரோடு பேச இருபது நிமிஷம். அதிலும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

என் வேலையும் பேச்சுதான், வேறு மாதிரி. தலையில் அடிபட்டுப் பேச்சை இழந்தவர்களை ஆஸ்பத்திரியில் மறுபடி பேசப் பழக்குகிறேன். கோப்பை, சாவி, சீப்பு என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவேன். போன மாதம்வரை கடை நடத்தியவர் சாவிப் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பெயர் வராது, அழுவார். சைக்கிளிலிருந்து விழுந்தவர் ஒருவராவது எப்போதும் அந்த வார்டில் இருப்பார். இதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் வெறுந்தலையோடு சைக்கிளில் வந்து இறங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தம்பி ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தான். மூன்று நாள் ஹேண்டில்பாரில் தொங்கியது. நாலாம் நாள் அதில் உருளைக்கிழங்கு வந்தது.

"ஏங்க, இது தலைக்கு வாங்கினதுங்க."

"பையை மறந்துட்டேன். எதுக்காவது பயன்படுதே, அதுக்குச் சந்தோஷப்படு."

அன்றோடு தம்பி அவரைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டான். நான் அப்படி விட முடியுமா?

ஹெல்மெட் போட்டவனைக் கண்டால் கார்க்காரன் உரசிக்கொண்டு போவானாம், வெறுந்தலையைக் கண்டால் பயந்து ஒதுங்குவானாம். இவர் எங்கேயோ படித்தாராம். கட்டாயம் என்று சட்டம் வந்தால் பாதிப் பேர் சைக்கிளையே விட்டுவிட்டு, உட்கார்ந்தே கிடந்து நெஞ்சுவலியில் போவார்களாம். "குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்து எத்தனை பேருக்கு மண்டை உடையுது? குளிக்கும்போதும் மாட்டிக்கவா?" என்பார். ஒரு நாள் என் பையைக் குடைந்து சைக்கிள் அட்டையை உருவினார். படத்தில் சைக்கிள் ஓட்டுகிற ஆளின் தலையில் ஒன்றுமில்லை. "உங்க ஆஸ்பத்திரி ஆளே போடல, எனக்கு வந்து சொல்றியா?"

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. முழு அபத்தமாக இருந்திருந்தால் சண்டை என்றைக்கோ முடிந்திருக்கும். எல்லாம் தீர்ந்த பிறகு எடுத்து வீச ஒன்று வைத்திருப்பார்: "மனுஷனுக்குச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கு. என் தலை, என் இஷ்டம்."

"தலை உங்களோடதுதான். அது உடைஞ்சா எதிர்ல உட்கார்ந்து சாவிப் படம் காட்டப்போறது யாரு?"

"நீ ஒருத்தி, எப்பப் பாரு அபசகுனமா."

மீட்டர் பார்ப்பவர்கள் எல்லாரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தது. அப்பாடா என்றிருந்தேன். இவர் நாலு பக்கத்துக்கு மறுப்பு எழுதிக் கொடுத்தார். மேலாளர் இரண்டாம் பக்கத்திலேயே களைத்துப்போய், 'விரும்பினால்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். அன்று வக்கீல் வீட்டுக்கு வந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

அதிலிருந்து மூன்றாம் வாரம், தெருவோரம் நின்றிருந்த வேனின் கதவை யாரோ பின்னால் பார்க்காமல் திறந்தார்கள். இவர் சைக்கிளோடு அதில் மோதி விழுந்தார். காலை பதினொன்றரை மணிக்கு, கீழே அவசரப் பிரிவிலிருந்து என் வார்டுக்குப் போன் வந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்கள். இவருக்குத் தலைப்பாகையே இல்லையே. மண்டைக்குள் லேசான ரத்தக்கசிவு, ஆபரேஷன் தேவைப்படாது என்று நினைக்கிறேன் என்றார் டாக்டர். ஹேண்டில்பாரில் தொங்கியபடியே சைக்கிளோடு வந்த ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

கண் திறந்திருந்தது. பேச்சில்லை.

"ஏங்க, நான்தாங்க."

என்னையே பார்த்தார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் வாயை மூட மாட்டாரா என்று எத்தனை நாள் வேண்டியிருக்கிறேன்! என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. கோப்பையைக் காட்டினேன். சாவி. சீப்பு. எதற்கும் பதில் இல்லை. அடுத்த அட்டையை எடுத்தேன். சைக்கிள் அட்டையை வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் மெல்ல நகர்ந்து, படத்திலிருந்த ஆளின் தலையில் போய் நின்றது.

"இவன்... போடல."

அழுதேன். அதன் பிறகு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிழைத்து வந்த மனுஷன் பேசுகிற முதல் பேச்சா இது!

நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இப்போது ஹெல்மெட் போடுகிறார். "உனக்காகப் போடறேன். நீ சொன்னதை ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காதே." வார்த்தைகள் பெரும்பாலும் வந்துவிட்டன. சில மட்டும் பேச்சு நடுவில் தொலைந்துபோகும். விரலைச் சொடுக்கிச் சொடுக்கித் தேடுவார். அப்போது யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பத்து எண்ணும் வரையாவது பொறுக்க வேண்டும், அவராகத் தேடினால்தான் நிலைக்கும். வார்டுக்கு வரும் எல்லாக் குடும்பத்துக்கும் நான் கண்டிப்பாகச் சொல்கிற பாடம் இது.

போன வாரம் அந்தச் சுற்றறிக்கை 'விரும்பினால்' இல்லாமல் மறுபடி வந்தது. அதுவும் இவர் விழுந்ததையே காரணம் காட்டி. சாயங்காலம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று ஆரம்பித்துவிட்டார்.

"போடறது வேற, போட வைக்கிறது வேற. நான் போடறேன், சரி. உத்தரவுன்னு வந்துட்டா மனுஷனோட... மனுஷனோட..."

சொடுக்கினார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. எனக்கு அந்த வார்த்தை தெரியும். பத்தொன்பது வருஷமாகக் காது புளிக்கக் கேட்ட வார்த்தை. ஐந்து, ஆறு. மறுபடி சொடுக்கினார். வார்டில் தினமும் நான் பார்க்கிற கண்கள் அவர் முகத்தில் இருந்தன. என்னால் பத்து வரை போக முடியவில்லை.

"சுதந்திரம்," என்றேன்.

"ஆங், சுதந்திரம்!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? இப்ப நீயே சொல்லிட்டே."